கவிழ்க்க முடியாத கூடை

பசியைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். கஞ்சித் தண்ணிக்குக் காத்துக் கிடந்தது, ஆண்டை வீட்டுப் பழையதுக்குக் குண்டான் ஏந்தியது, சத்துணவுக்காகவே பள்ளிக்கூடம் போனது எல்லாம் நம் பக்கங்களில் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். ஆனால் வயிறு நிறைஞ்ச பிறகும் நிறுத்த முடியாமல், கதவைச் சாத்திக்கொண்டு தின்கிற ஒரு பெண் நம் எழுத்தில் எங்கே இருக்கிறாள்? பேச்செடுத்தால் தோழர்களே சிரிக்கிறார்கள். "சோறில்லாதவன் கதையே முடியல, தின்னு கொழுத்தவ கதை நமக்கெதுக்கு" என்று ஒரு கூட்டத்தில் என் காதுபடவே ஒருவர் சொன்னார். அன்று நான் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கட்டுரைதான் பதில். தாமதமாக வருகிறது.

ராக்ஸேன் கே எழுதிய 'ஹங்கர்' 2017இல் வந்தது. ஹெய்ட்டியிலிருந்து அமெரிக்காவுக்குப் பெயர்ந்த பெற்றோருக்கு 1974இல் ஒமாஹாவில் பிறந்த கறுப்பினப் பெண் அவர். 12 வயதில், தனக்குப் பிடித்த ஒரு பையனை நம்பிக் காட்டுக்குள் இருந்த ஆளில்லாத குடிலுக்குப் போகிறாள். அவனும் அவன் கூட்டாளிகளும் அவளைச் சிதைக்கிறார்கள். வீட்டில் சொல்லவில்லை. கத்தோலிக்கக் குடும்பத்து நல்ல பிள்ளை, சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயம். 13 வயதில் உறைவிடப் பள்ளிக்குப் போனதும் கேட்பாரில்லாமல் தின்னத் தொடங்குகிறாள். உடம்பு பெருத்தால் எந்த ஆணும் பார்க்க மாட்டான், பார்க்காவிட்டால் தொடவும் மாட்டான். அந்தச் சிறுமி போட்ட கணக்கு இதுதான். உடம்பைக் கோட்டையாகக் கட்டினாள். பிறகு அந்தக் கோட்டையிலிருந்து அவளாலேயே வெளியே வர முடியவில்லை.

புத்தகத்தின் தொடக்கத்திலேயே ஃபுளோரிடாவில் ஒரு மருத்துவமனை. வயிற்றைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை பற்றி விளக்கம் கேட்க அப்பாவோடு போயிருக்கிறார். தன் எடை அதிகபட்சமாக எவ்வளவு இருந்தது என்பதை எண்ணிலேயே எழுதிவிடுகிறார். அந்த எண்ணை நான் இங்கே தரவில்லை. இந்தப் புத்தகத்தை நான் யாரிடம் கொடுத்தாலும் முதலில் அந்த எண்ணைத்தான் வாய்விட்டுப் படிக்கிறார்கள். எண்ணைப் படித்ததும் ஆளைப் பார்த்துவிட்டதாக ஒரு நினைப்பு.

பிரதியின் அமைப்பு முக்கியம். சின்னச் சின்ன அத்தியாயங்கள், சில அரைப்பக்கம்கூட இல்லை. சொன்னதையே திரும்பச் சொல்கிறார், சொல்ல வந்ததை விட்டு விலகுகிறார், மறுபடி வருகிறார். கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார்ந்தால் தொடையில் காயமாகும் என்பதை எத்தனை இடத்தில் எழுதுகிறார்! எடிட் பண்ணாத எழுத்து என்று இலக்கியவாதிகள் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தினமும் எத்தனை நாற்காலியோ அத்தனை முறை எழுதித்தான் ஆக வேண்டும். இது வெற்றிக் கதை அல்ல என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறார். தப்பிப் பிழைத்தவள் என்பதைவிடப் பாதிக்கப்பட்டவள் என்ற சொல்லே தனக்குப் பொருந்துகிறது என்கிறார். எதையும் எதிர்ப்புக் குரலாக ஆக்கினால்தான் அச்சேற்றுவோம் என்றிருக்கும் நம் பத்திரிகைகளுக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும்.

தமிழில் இப்படி ஒருத்தி இல்லவே இல்லையா? இருக்கிறாள். மணிமேகலையில் காயசண்டிகை. எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசிநோய் அவளுக்கு, 12 ஆண்டுகள். காரணம் என்ன சொல்கிறது காப்பியம்? முனிவன் ஒருவனுக்கென்று பழுத்த நாவற்கனியைக் காலால் சிதைத்துவிட்டாள், சபித்துவிட்டான். தப்பு அவளுடையது. அமுதசுரபிச் சோறு வயித்துக்குள் போனதும் நோய் போச்சு. அப்புறம் அவள் ஊர் திரும்பும் வழியில் விந்திய மலையிலே மாண்டுபோகிறாள். எம்.ஏ. வகுப்பில் இதைக் கிளைக்கதை என்று ரெண்டு நிமிஷத்தில் தாண்டிப் போனார்கள். நான் மட்டும் அந்தப் பக்கத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஏனென்றால் எனக்கும் யானைத்தீ இருந்தது.

பத்து வயசு. ஆயாவோடு மல்லாட்டை பிடுங்கப் போன கொல்லை. தண்ணி மொள்ள மோட்டார் கொட்டாய்க்குப் போனேன். கொல்லைக்காரர் வீட்டு ஆள் ஒருவன் அங்கே இருந்தான். நடந்ததை எழுதப் போவதில்லை. எவ்வளவு சொல்வது என்பதைச் சொல்கிறவள்தான் முடிவு செய்யணும், அதையும் ராக்ஸேனிடம்தான் கற்றேன். கடைசியில் ஒரு பன் ரொட்டியைக் கையில் திணித்து, "யாருகிட்டயும் சொல்லாத" என்றான். நான் அதைத் தின்னேன். காலையில் கூழ் மட்டும் குடிச்சிருந்த வயிறு, தின்னேன். அவன் செய்ததைவிட நான் தின்னதுதான் பல வருஷம் என்னைக் குடைந்தது.

ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூதன்' 1997இல் இந்தியில் வந்தது. கல்யாண வீட்டில் எச்சில் இலைகளிலிருந்து சேர்த்த கூடையைக் காட்டி அவமானப்படுத்தியபோது, அவருடைய அம்மா அந்தக் கூடையை அங்கேயே கொட்டிவிட்டு நடக்கிறார். அதற்கப்புறம் எச்சில் வாங்கப் போகவில்லை. நம் தன்வரலாறுகளில் இதுபோன்ற இடங்களைத்தான் நாம் கூட்டத்தில் படித்துக்காட்டுகிறோம். நானே படித்திருக்கிறேன், கை தட்டியிருக்கிறார்கள். ஆனால் என் கூடை என் வயித்துக்குள்ள போயிடுச்சு. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

விடுதியில் ராத்திரி எல்லோரும் தூங்கினதும் அண்டாவில் மிஞ்சின சோற்றை உப்பு போட்டு அள்ளித் தின்பேன். ருசி தெரியாது. தின்கிற நேரம் மட்டும் தலைக்குள் சத்தம் இருக்காது. விடிஞ்சதும் வெட்கம். வெட்கத்துக்கு ரெண்டு நாள் பட்டினி. அப்புறம் மறுபடி அண்டா. இயக்கத்துக்கு வந்த பிறகு மாட்டுக்கறி விருந்துகளில் முதல் பந்தியில் உட்கார்ந்தேன். நம் சாப்பாடு நம் மானம் என்று மேடையில் பேசினேன், அதை இன்றும் நம்புகிறேன். வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துவிட்டுத் தின்னதை யாரிடமும் சொல்லவில்லை. வெளியே மானமாக இருந்த அதே சோறு உள்ளே எனக்குக் கைவிலங்கு.

முதலில் பார்த்த மருத்துவர் "வாயைக் கட்டும்மா" என்றார். இப்படித் தின்பதை ஒரு தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஏற்றுக்கொண்டதே 2013இல்தான். பிறகு வாய்த்த ஆலோசகர் தலைகீழாகச் சொன்னார். பட்டினி கிடக்காதே. மூணு வேளையும் நேரத்துக்குத் தின்னு, நடுவிலும் ஏதாவது தின்னு, நேத்து எவ்வளவு தின்னிருந்தாலும் இன்னிக்குக் காலையில் தின்னு. எனக்குக் கோபம் வந்தது. சோறு அதிகம் என்று வந்தவளிடம் சோறு தின்னு என்கிறாரே!

அதன் நியாயம் மின்னசோட்டா பரிசோதனையைப் படித்தபோது விளங்கியது. 1944-45இல், போருக்குப் போக மறுத்த 36 ஆண்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார் ஆன்சல் கீஸ். நல்ல உடல்நலத்தோடு வந்தவர்கள். சோறு திரும்பக் கிடைத்தபோது அவர்களில் பலர் வயிறு முட்டத் தின்றும் பசிக்கிறது என்றார்கள். காயம் ஒன்றுமில்லாமலே ஆறு மாசப் பட்டினி இதைச் செய்யுமென்றால், தலைமுறை தலைமுறையாக அரைவயிறு, அதன்மேல் ஒரு கொட்டாய், அதன்மேல் நானே போட்டுக்கொண்ட பட்டினி. என்ன செய்யாது?

ராக்ஸேனோடு நான் முரண்படுவதும் இந்த இடத்தில்தான். அவர் வீட்டில் உலை காயவில்லை. அப்பா பொறியாளர். பெண் படிப்பை விட்டுவிட்டு அரிசோனாவுக்கு ஓடிப்போனபோது தேடிக் கண்டுபிடித்துத் தாங்கிக்கொள்ள வீட்டில் வசதி இருந்தது. அவர் இதை மறைக்கவில்லை. ஆனாலும் அவர் பிரதியில் சோறு எப்போதும் அங்கேயே இருக்கிறது, எடுப்பதா விடுவதா என்பதுதான் போராட்டம். சோறே ஒருவனுடைய கையிலிருந்து வருகிறபோது என்ன ஆகிறது என்பதற்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. பெக்கி தாம்சன் 1994இல் எழுதிய நூல் இந்த விஷயத்தில் நமக்கு இன்னும் பக்கம். கறுப்பின, லத்தீன், வெள்ளைப் பெண்களிடம் பேசி, இது அழகுக்காக வருகிற பணக்கார வீட்டு நோய் அல்ல, வன்முறையையும் இனவெறியையும் வறுமையையும் தாங்கப் பெண்கள் கண்டுபிடித்த வழி என்கிறார். சாராயம் வாங்க முடியாத சிறுமியின் கைக்கு எட்டுவது சோறுதானே.

இன்னொன்று. பருத்த உடம்பெல்லாம் காயம்பட்ட உடம்பு என்று ராக்ஸேனை வாசிக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. எங்க பெரியம்மா நல்ல பருமன். அதுக்குப் பின்னால ஒரு கதையும் கிடையாது. அந்த உடம்போட நடவு நட்டு, நாலு பிள்ளை பெத்து, சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு.

ஆனால் புத்தகத்தில் அவர் சமைக்கிற பக்கங்களுக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். இனா கார்ட்டன் என்னும் சமையல்காரம்மாவின் டிவி நிகழ்ச்சியைப் பார்த்து, சோற்றை வெட்கமில்லாமல் விரும்பலாம் என்று ஒரு பெண் வயசான பிறகு கற்றுக்கொள்கிறாள். தனக்கென்று ஒரு தட்டுக்கு சமைக்கிறாள். மீள்வது என்பது அந்த அளவுக்குச் சின்னதாக, தினசரி வேலையாக இருக்கிறது. புத்தகம் வந்த மறு வருஷம், 2018 ஜனவரியில், வயிற்றில் அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டார். அதைப் பற்றி அவர் எழுதியதில் கொண்டாட்டமில்லை. தன்னைத் தேற்றிக்கொண்டிருந்த சாப்பாடு கைவிட்டுப் போன துக்கம்தான் இருந்தது.

போன மாதம் விடுதிப் பிள்ளைகள் சிலருக்கு இந்தக் கதையை என் பேச்சில் சொன்னேன். என் கதையைச் சொல்லவில்லை. முடிச்சதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைசி வரிசையில் இருந்த பொண்ணு மட்டும் கேட்டாள்:

"அக்கா, அவங்க இப்ப ராத்திரியில நல்லாத் தூங்குறாங்களா?"

தெரியாது என்றேன். அவள் போகும்போது பேரைக் கேட்டு வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், சேர்ந்து சமைக்கலாம் என்று.