வரிசையில் அமர்ந்த செல்லோவை ரசிப்பது எப்படி?

மேற்கத்தியச் செவ்வியல் இசைக்குப் புதிதாக வருபவர்கள் செல்லோவைத் தனி வாத்தியமாகத்தான் முதலில் கேட்கிறார்கள். பாஹின் தனிச் செல்லோப் படைப்புகளும் த்வோர்ஷாக்கின் கான்செர்ட்டோவும் அந்த வாத்தியத்தை மேடை நடுவில் ஒற்றை ஆளின் கையில் வைத்துக் காட்டுகின்றன. அதனால் ஆர்கெஸ்ட்ரா வரிசையில் வாசிப்பவரையும் கல்லூரியில் பாடம் நடத்துபவரையும், தனிக்கலைஞராக வர முடியாமல் போனவர்கள் என்று எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணம் நம் காதுக்குத்தான் நஷ்டம். வரிசையில் வாசிப்பதும் கற்பிப்பதும் ஒரே திறமையின் இரண்டு முகங்கள். தான் செய்வதை இன்னொருவர் பின்பற்றும் அளவுக்குத் தெளிவாகச் செய்வதே அந்தத் திறமை. செல்லோக் கலைஞர் யானோஷ் ஸ்டார்க்கரின் வாழ்க்கையை வைத்து அதைக் கேட்கப் பழகலாம்.

1924-இல் புடாபெஸ்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஸ்டார்க்கர். நாஜிகளின் படுகொலையில் இரண்டு சகோதரர்களை இழந்தார். போருக்குப் பின் புடாபெஸ்டில் முதன்மைச் செல்லோக் கலைஞராக இருந்துவிட்டு, 1946-இல் நாட்டை விட்டு வெளியேறினார். அமெரிக்காவில் டல்லஸ் சிம்பனி, நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா ஆகியவற்றுக்குப் பிறகு, 1953 முதல் 1958 வரை ஃபிரிட்ஸ் ரைனரின் தலைமையில் சிகாகோ சிம்பனியில் முதன்மைச் செல்லோக் கலைஞர். பெரிய ஆர்கெஸ்ட்ராவில் பத்துப் பன்னிரண்டு செல்லோக்கள் இருக்கும். இருவருக்கு ஓர் இசைத்தாள். வில்லை எங்கே இழுப்பது, எங்கே தள்ளுவது என்பதை முதல் இருக்கைக்காரர் தீர்மானிக்க, மற்ற எல்லா விற்களும் அதன்படி நகரும். அவர் வில்லில் ஒரு குழப்பம் இருந்தால் அது வரிசை முழுவதும் பரவும்.

இதைக் கேட்க, பார்டோக்கின் 'ஆர்கெஸ்ட்ராவுக்கான கான்செர்ட்டோ'வை ரைனர் 1955-இல் சிகாகோவில் பதிவு செய்த ஒலித்தட்டிலிருந்து தொடங்குங்கள். அந்தப் படைப்பின் முதல் ஒலியே செல்லோக்களும் டபுள் பாஸ்களும் தாழ்ந்த சுரங்களில் எழுப்புவதுதான். பத்துப் பேருக்கு நடுவே ஒருவரை எப்படிப் பிரித்துக் கேட்பது என்று கேட்கலாம். பிரிக்க முடியாது, பிரிக்கவும் வேண்டாம். எல்லோரும் ஒரே கணத்தில் தொடங்குகிறார்களா, ஒலி வளரும்போது ஒன்றாக வளர்கிறதா, சுரம் முடியும் இடம் சுத்தமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். முதன்மைக் கலைஞரின் உழைப்பு அங்கேதான் கேட்கும். அடுத்து ஷூபர்ட்டின் 'முடிவுறாத சிம்பனி'யில், முதல் பகுதியின் இரண்டாவது மெட்டைச் செல்லோ வரிசை முழுவதும் சேர்ந்து பாடுவதைக் கேளுங்கள். பிறகு பிராம்ஸின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ: மூன்றாம் பகுதி ஒரே ஒரு செல்லோவின் நீண்ட மெட்டோடு தொடங்குகிறது. முன்னால் வந்த குரல் மறுபடி கூட்டத்துக்குள் கலக்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள். முன்னால் வருவதைவிட அப்படிக் கலப்பதுதான் கடினம்.

இந்தத் தெளிவு வகுப்பறைக்குப் போனது தற்செயல் இல்லை. ஸ்டார்க்கரின் ஆசிரியர் அடோல்ஃப் ஷிஃபர். ஷிஃபரின் ஆசிரியர் டேவிட் போப்பர். வியன்னா அரசவை ஓபராவில் முதன்மைச் செல்லோக் கலைஞராக இருந்துவிட்டுப் புடாபெஸ்டில் ஆசிரியரானவர் போப்பர். அவர் எழுதிய நாற்பது பயிற்சிகளை இன்றும் மாணவர்கள் வாசிக்கிறார்கள். அவற்றில் ஒன்று வாக்னரின் 'லோஹென்கிரின்' ஓபராவிலிருந்து பிறந்தது. ஆர்கெஸ்ட்ராவில் கை திணறிய இடம் அடுத்த தலைமுறைக்குப் பாடமாகியது. ஸ்டார்க்கர் 1958-இல் இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகப் போய், 2013-இல் இறக்கும்வரை அதையே தன் இடமாகக் கொண்டார். இடக்கைப் பயிற்சிக்காக அவர் எழுதிய நூல் 1961-இல் வந்தது. உடலில் தேவையற்ற இறுக்கம் எங்கே சேர்கிறது, அதை எப்படித் தளர்த்துவது என்பதைக் காரணத்தோடு விளக்குவதே அவருடைய முறை.

ஸ்டார்க்கரின் வாசிப்பு குளிர்ந்தது, உணர்ச்சி குறைந்தது என்ற விமர்சனம் உண்டு. அளவாகவே அதிரும் விரலையும் அசையாத உடலையும் பார்த்தால் அப்படித் தோன்றக்கூடும். கோடாயின் தனிச் செல்லோ சொனாட்டாவை அவர் வாசித்ததைக் கேட்டால் அந்த விமர்சனம் நிற்காது. 1915-இல் எழுதப்பட்ட அந்தப் படைப்புக்காகக் கீழ்த்தந்திகள் இரண்டையும் அரைச்சுரம் இறக்கிக் கட்ட வேண்டும். அவருடைய 1948 பதிவு பிரான்ஸின் கிராண்ட் பிரீ து டிஸ்க் விருதைப் பெற்றது. அந்த வாசிப்பில் உணர்ச்சி குறையவில்லை. ஒரு சுரத்தின் உணர்ச்சி அடுத்த சுரத்தின் மேல் சிந்தாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

இத்தனை கறாரான ஆசிரியர் தன் நகல்களைத்தானே உருவாக்குவார் என்ற ஐயம் நியாயமானது. அதற்கு மாணவர்களின் வாசிப்பே பதில். 1963-இல் புடாபெஸ்டில் நடந்த காசல்ஸ் போட்டியில் வென்ற சுயோஷி சுட்சுமி, 1981-இல் பாரிஸில் ரோஸ்ட்ரோபோவிச் போட்டியில் வென்ற மரியா கிளீகல் இருவரும் அவரிடம் படித்தவர்கள். சுட்சுமி பின்னாளில் அதே இண்டியானாவில் ஆசிரியராகவும் இருந்தார். இருவர் பதிவுகளையும் ஸ்டார்க்கரின் பதிவுக்கு அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். சுரச்சுத்தமும் தொடக்கத்தின் துல்லியமும் மூவருக்கும் பொது. ஒலியின் நிறமும் மெட்டை வளைக்கும் விதமும் அவரவருக்குச் சொந்தம். எது ஆசிரியர் கொடுத்தது, எது மாணவர் தேடிக்கொண்டது என்று உங்கள் காது பிரித்தறியத் தொடங்கும்போது, கற்பித்தலையும் இசையாகவே ரசிக்கிறீர்கள்.