வேலியின் உயரம்

தோராவை, அதாவது யூத வேதத்தை, சுற்றி வேலி போடுங்கள் என்று ஞானிகளின் வாக்குத் தொகுப்பான 'பிர்கே அவோத்' தன் முதல் வாசகத்திலேயே சொல்லிவிடுகிறது. வேலி தேவை என்பதில் யூத ஞானிகளுக்குள் கருத்து வேற்றுமை குறைவு. எங்கே, எவ்வளவு உயரத்தில் என்பதுதான் தீராத வழக்கு. ஏதேனில், கனியை உண்ணாதே என்ற கடவுளின் கட்டளையோடு 'தொடாதே' என்பதையும் ஏவாள் சேர்த்துச் சொன்னாள். பாம்பு அவளை மரத்தின்மேல் தள்ளி, தொட்டும் சாகவில்லையே என்று மடக்கியது. அளவுக்கு மீறி உயர்ந்த வேலி செடியின் மேலேயே சாயும் என்பதற்கு வேத விளக்க நூலான மித்ராஷ் காட்டும் கதை இது.

யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தால்முட், தீய தாக்கத்துக்கு எதிரான காவலை உடலிலேயே வைக்கிறது. விரல்கள் முளைபோல் கூம்பியிருப்பது, தகாத பேச்சு வரும்போது காதில் செருகிக்கொள்ளத்தானாம். 1873இல் வெளியான 'ஹாஃபெட்ஸ் ஹாயிம்' நூலில் இஸ்ரயேல் மெயிர் ககன் இதைச் சட்டமாகவே விரித்தார்: புறம் பேசுவது போலவே அதைக் கேட்பதும் நம்புவதும் குற்றம்.

அடுத்த காவல் கூட்டாளிகள் மீது. மனிதன் அக்கம்பக்கத்தாரைப் பார்த்தே நடப்பவன் என்ற யூத அறிஞர் மைமோனிடிஸ் (1138–1204), நல்ல ஊரே கிடைக்காவிட்டால் குகைக்கோ பாலைக்கோ போய்விடு என்கிறார். சிலை வழிபாட்டு நூல்களை வாசிக்கத் தன் சட்டத் தொகுப்பில் தடை விதித்தவரும் அவரே. ஆனால் கட்டளைகளின் காரணத்தை விளக்க, 'நபாத்தேய வேளாண்மை' போன்ற அதே வகை நூல்களைத் தேடிப் படித்திருக்கிறார்.

இந்த முரண் பழையது. மதம் விட்டு விலகிய எலிஷா பென் அபூயா கல்விக்கூடத்தில் எழுந்தால் மடியிலிருந்து தகாத நூல்கள் உதிருமாம். அவரிடமே ரப்பி மெயிர் பாடம் கேட்டார். மாதுளையின் உள்ளே இருந்ததை உண்டார், தோலை எறிந்தார் என்று தால்முட் அவருக்காகப் பரிந்து பேசுகிறது. அந்தப் பக்குவம் எல்லோருக்கும் வாய்க்குமா? 1305இல் பார்சிலோனாவில் ஷ்லோமோ இப்ன் அத்ரெத் தலைமையில், 25 வயது நிரம்பாதோர் கிரேக்கத் தத்துவம் பயில 50 ஆண்டுத் தடை வந்தது. மருத்துவத்துக்கு மட்டும் விலக்கு.

காவலை உள்ளே கொண்டுபோனவர்கள் வேறு வரிசை. 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் பஹ்யா இப்ன் பக்குடா, ஆன்மாவுக்குத் தினக் கணக்கு பார்க்கச் சொன்னார். 19ஆம் நூற்றாண்டு லித்துவேனியாவில் இஸ்ரயேல் சாலன்டர் தொடங்கிய முசார் இயக்கம் அதைப் பயிற்சியாக்கியது. அந்த இயக்கத்தின் நோவர்டோக் பள்ளி மாணவர்கள் மருந்துக் கடைக்குப் போய் ஆணி கேட்பார்கள். கடைக்காரர் சிரிப்பார், ஊர் என்ன நினைக்கும் என்ற அச்சம் கொஞ்சம் கழலும். கெட்ட தாக்கம் என்று அவர்கள் கருதியவற்றுள் அந்த அச்சமும் ஒன்று.

இன்றைய வேலி இணையத்துக்கு. 2012 மே மாதம், இணையத்தின் ஆபத்தைப் பேச நியூயார்க்கின் சிட்டி ஃபீல்ட் மைதானத்தில் 40,000க்கும் மேற்பட்ட தீவிர மரபுவாத யூத ஆண்கள் கூடினார்கள். இஸ்ரேலில் ரப்பிகள் குழுவின் முத்திரை பெற்ற, இணையம் இல்லாத 'கோஷர்' போன்கள் புழங்குகின்றன. பார்சிலோனாத் தடை வயது வந்தவனை நம்பியது. அதற்கு ஒரு கெடுவும் இருந்தது. இந்தப் போனோ சிறுவனுக்கும் தாத்தாவுக்கும் ஒரே பூட்டு. பூட்டில்லாத ஊரில் அந்தச் சிறுவன் எப்படி நடப்பான் என்ற கேள்விக்கு நோவர்டோக்கிடம் ஒரு பயிற்சி இருந்தது, போனிடம் இல்லை.