சாவி யாரிடம்?

சீவலப்பேரி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? நிறையப் பேர் 'பாண்டி' என்பீர்கள். 1994-ல் நெப்போலியன் நடித்து வந்த படம் அப்படிப் பதிந்துவிட்டது. குலசாமி கும்பிடப் போகிறவர்கள் சுடலைமாடனைச் சொல்வார்கள். கோவில்பட்டிக்காரர்களுக்கு அது குழாயில் வரும் குடிதண்ணீர்.

இன்னொரு சீவலப்பேரியும் உண்டு. தாமிரபரணியோடு சிற்றாறு வந்து கலக்கும் இந்த இடத்துக்குப் பழைய பெயர் முக்கூடல். தமிழின் ஆகச் சிறந்த பள்ளு என்று சொல்லப்படும் முக்கூடற்பள்ளு பிறந்தது இந்த மண்ணில்தான். பீடிக்குப் பேர்போன முக்கூடல் வேறு. பெயரை வைத்து அந்த ஊர் என்று நினைத்துக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்தப் பள்ளைப் புரட்டிப் பாருங்கள். நெல்லில் எத்தனை வகை, மாட்டில் எத்தனை வகை, ஆற்று மீனில் எத்தனை வகை என்று பெயர் பெயராக அடுக்கியிருக்கும். நடுவில் ஒரே புருஷனுக்கு வாழ்க்கைப்பட்ட முக்கூடல்காரியும் மருதூர்க்காரியும் போடும் சண்டை. குழாயடிச் சண்டை தோற்றுப்போகும். எழுதியவர் யாரென்று தெரியாது. ஆனால், வயலில் கால் வைக்காதவர் எழுதியிருக்க முடியாது.

சரி, சீவலப்பேரியில் எட்டாவது படிக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். 'இது உன் ஊர்ப் பாட்டு, இந்த மீனெல்லாம் உன் ஆத்து மீன்' என்று அவளுக்கு யார் சொல்வது? தமிழ் ஆசிரியர் சொல்லலாம்தான். போர்ஷன் முடிந்து நேரம் மிஞ்சினால்! உண்மையில் இதைச் சொல்வதற்கென்றே பள்ளிக்கூடத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கு நூலகர் என்று பெயர்.

தமிழ்நாட்டில் எந்த ஊர் அரசுப் பள்ளிக்கு வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் போகும்.

''லைப்ரரி சாவி யாருட்ட இருக்கு?''

''டிரில் சார்ட்ட.''

''சார் எங்க?''

''பசங்கள மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு.''

டிரில் சாரைக் குறை சொல்ல எதுவுமில்லை. அவருக்கு அது கூடுதல் பொறுப்பு. புத்தகம் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதனால் பீரோவைத் திறக்காமல் இருப்பதே அவருக்குப் பாதுகாப்பு. புத்தகத்தைக் காப்பாற்றத்தான் நாம் அவரை வைத்திருக்கிறோம். பிள்ளைகளைப் படிக்க வைக்க யாரையும் வைக்கவில்லை.

இது நேற்று வந்த வியாதி இல்லை. நம்ம ஊர் ஏ.லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, 1953-ல் அறிக்கை கொடுத்தது. பள்ளி நூலகத்துக்குப் பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும், மூத்த ஆசிரியருக்குச் சமமான சம்பளமும் மரியாதையும் அவருக்குத் தர வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. புத்தகத்தின் மேல் ஆசையும் இல்லாத, நூலகத் தொழிலும் தெரியாத ஆளிடம் சாவியைக் கொடுத்துவைப்பதை அன்றைக்கே அந்த அறிக்கை கண்டித்தது.

அதற்கு 56 வருடம் கழித்து, 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று அதன் பின்னிணைப்பில் ஓர் அட்டவணை இருக்கிறது. சமையலறை, விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர், கழிப்பறை எல்லாம் உண்டு. நூலகமும் உண்டு; அதில் நாளிதழ், பத்திரிகை, கதைப் புத்தகம் இருக்க வேண்டும் என்பதுகூட உண்டு. ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் உண்டு. நூலகர் மட்டும் இல்லை. கதைப் புத்தகம் வரை யோசித்தவர்களுக்கு, அதை எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று தோன்றவில்லை.

இதையே சத்துணவில் செய்து பாருங்களேன். அரிசி, பருப்பு, முட்டையை இறக்கிவிட்டு, 'கணக்கு டீச்சர் ஃப்ரீ பீரியடில் சமைத்துப் போடட்டும்' என்று சொன்னால் ஒத்துக்கொள்வோமா? அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆள் போட்டதால்தான் சத்துணவு பிள்ளையின் தட்டுக்கு வருகிறது. 2018-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில், பள்ளியின் நிலையைப் பொறுத்து வருடத்துக்கு 5,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை நூலக மானியம் வைத்தார்கள். தமிழக அரசு 2023-ல் வாசிப்பு இயக்கம் தொடங்கி, 'நுழை, நட, ஓடு, பற' என்று நாலு படிகளில் குட்டிக் குட்டிப் புத்தகங்கள் போட்டது. அருமையான காரியம், கைதட்டியே ஆக வேண்டும். அரிசி வந்துவிட்டது. சமையல்காரர்?

''அதான் கூகுள் இருக்கே, இனிமே எதுக்கு சார் லைப்ரரியன்?'' என்று கேட்பீர்கள். கூகுளில் முக்கூடல் என்று தட்டினால் இரண்டு முக்கூடலும் கலந்து வந்து நிற்கும். எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று பிள்ளைக்குக் கற்றுக் கொடுப்பதுதான் இன்றைக்கு நூலகர் வேலையில் பாதி. தகவல் பெருகப் பெருக அவருடைய தேவை கூடத்தான் செய்யும்.

ஆள் மட்டும் போட்டால் போதுமா? போதாது. இதற்கு எஸ்.ஆர்.ரங்கநாதன் கதையைத்தான் சொல்ல வேண்டும். சீர்காழியில் பிறந்தவர், கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். வந்த கொஞ்ச நாளிலேயே 'வேலையே இல்லாத வேலை இது, என்னைப் பழையபடி மாநிலக் கல்லூரிக்கே அனுப்பிவிடுங்கள்' என்று மன்றாடினார். முதலில் லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். அங்கே போய்ப் படித்தார், ஒவ்வொரு நூலகமாக ஏறி இறங்கினார், வேலை பார்க்கிறவர்களோடு பேசினார். திரும்பி வந்தவர் வேறு ஆள். 1928-ல் சென்னை நூலகச் சங்கம். 1929-ல் நூலகர்களுக்குக் கோடைப் பயிற்சிப் பள்ளி. 1931-ல் 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்'. பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கென்றே 1942-ல் தனியாக ஒரு புத்தகம். அந்தப் பயணம் கிடைக்காமல் போயிருந்தால், நமக்கு இன்னொரு கணக்கு வாத்தியார் மிஞ்சியிருப்பார், அவ்வளவுதான். ஆக, நம் டிரில் சாரும் லாயக்கில்லாதவர் இல்லை. யாரும் அவரை எங்கும் அனுப்பவில்லை.

பயிற்சி என்றதும் ஒரு மண்டபம், மைக், மதியம் தயிர்சாதம், கடைசியில் சான்றிதழ் என்று நினைத்துவிடாதீர்கள். டாட்டா அறக்கட்டளையின் பராக் அமைப்பு, 'நூலகக் கல்வியாளர் படிப்பு' என்று ஒன்றை இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடத்திவருகிறது. சில நாள் நேரில் கூடுகிறார்கள். பிறகு மாதக்கணக்கில் அவரவர் நூலகத்தில் செய்து பார்த்து, செய்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். இப்படியொன்று தமிழில் ஊருக்கு ஊர் நடக்க வேண்டாமா?

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் பள்ளி நூலகங்களை ஆராய்ந்து 1993-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நல்ல நூலகமும் அதற்கு ஆளும் இருக்கும் பள்ளியில் பிள்ளைகள் வாசிப்புத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் வாங்குகிறார்கள் என்றது அது. பணக்கார ஊர், ஏழை ஊர் வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தும் இதே முடிவுதான். 2000-ல் வந்த இரண்டாவது அறிக்கை இன்னொன்றையும் அழுத்திச் சொன்னது: நூலகர் ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடத்தைத் திட்டமிடும் இடத்தில்தான் பலன் கூடுகிறது.

சீவலப்பேரிக்கு இதைக் கொண்டுவந்து பாருங்கள். தமிழ் ஆசிரியர் பள்ளை எடுக்கிறார். அதில் வரும் மீன்களில் எதெல்லாம் இன்றைக்கும் ஆற்றில் இருக்கிறது என்று அறிவியல் டீச்சர் பிள்ளைகளை விசாரிக்கச் சொல்கிறார். ஆறுகள் சேரும் இடத்துக்குப் படம் வரைய வைக்கிறார் சமூக அறிவியல்காரர். மூவருக்கும் வேண்டிய புத்தகத்தைத் தேடி வைத்து, மூன்று பாடத்தையும் முடிச்சுப் போடுகிறவர் நூலகர். அந்த எட்டாம் வகுப்புப் பெண் தன் தாத்தாவிடம் போய், 'இந்த நெல்லு உங்க காலத்துல இருந்துச்சா தாத்தா?' என்று கேட்டால், அது எந்தத் தேர்வுக்கும் குறைந்த படிப்பு இல்லை.

ஆசிரியர் இடமே காலியாகக் கிடக்கும்போது பள்ளிக்கொரு நூலகரா என்று நிதித்துறை கேட்கும். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். பள்ளிக்கு ஒருவர் இப்போதைக்கு முடியாது என்றால், பத்துப் பள்ளிக்கு ஒருவரில் தொடங்கலாமே. நூலக அறிவியல் படித்துவிட்டு வேறு வேலை பார்க்கிறவர்கள் நம்மிடம் ஏராளம். அந்த ஒருவர், பத்துப் பள்ளியிலும் சாவி வைத்திருப்பவர்களை மாதம் ஒருமுறை பாளையங்கோட்டையில் கூட்டட்டும். உத்தரவு வாசிக்கிற கூட்டமாக அது இருக்கக் கூடாது. 'என் பள்ளியில் இந்தப் புத்தகத்தைப் பிள்ளைகள் தொடவே இல்லை, உங்கள் பள்ளியில் எப்படி?' என்று கேட்டுக்கொள்கிற கூட்டமாக இருக்கட்டும். இது நெல்லைக்குப் புதுசும் இல்லை. 1920-களில் வண்ணார்பேட்டையில் டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டியில், அரசாணை எதுவும் இல்லாமல், நண்பர்கள் கூடிக் கம்பனைப் படித்துப் படித்துத்தானே ஒரு ரசனை மரபையே வளர்த்தார்கள்?

நம்மிடம் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி வாங்குகிறார்கள். அது பொது நூலகத்துக்குப் போகிறது. பொது நூலகத்தில் நூலகர் இருக்கிறார், பகலில் பிள்ளைகள் இல்லை. பள்ளியில் பிள்ளைகள் இருக்கிறார்கள், நூலகர் இல்லை. இந்த இரண்டு துறையும் ஒன்றோடொன்று பேசினாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அடுத்த முறை போகும்போது, கழிப்பறை, குடிதண்ணீர் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். கூடவே இரண்டு கேள்வி. நூலகச் சாவி யாரிடம் இருக்கிறது? அவரை அந்த வேலைக்காக எதையாவது கற்றுக்கொள்ளக் கடைசியாக எப்போது அனுப்பினீர்கள்? பதில் வரும்வரை உட்கார்ந்திருங்கள்.