கூட்டாட்டமும் கருத்து வேறுபாடும்: ‘எல்டன் றிங் நைற்றெயின்’ குறித்து ஒரு நோக்கு

கலைப்படைப்பொன்று பற்றிச் சுவைஞரிடையே எழும் கருத்து வேறுபாடுகளைத் தனிமனித இரசனையின் பாற்பட்டனவாக மட்டும் கொள்ளும் போக்கு எமது விமர்சனத்தில் இன்றும் வலுவாக உள்ளது. கணினி விளையாட்டு பற்றிய பேச்சிலும் இதுவே நிகழ்கின்றது. ஜப்பானின் புறொம்சொப்ற்வெயார் நிறுவனம் 2025 மே 30இல் வெளியிட்ட ‘எல்டன் றிங் நைற்றெயின்’ பற்றி ஆடுவோர் கொண்ட முரணான அபிப்பிராயங்கள், இப்போக்கின் போதாமையைத் தெளிவுறுத்துகின்றன.

1980 அளவில் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர் உருவாக்கிய ‘றோக்’ என்னும் ஆட்டத்தின் வழிவந்தது இவ்வகை. இறந்தவன் முதலிலிருந்தே தொடங்கவேண்டும். ஒவ்வொரு முறையும் களம் மாறியமையும். ‘றோக்லைற்’ எனப்படும் பிற்கால வடிவில், தோல்விக்குப் பின்னரும் ஏதோவொரு சிறு பேறு எஞ்சும். நைற்றெயினில் மூவர் சேர்ந்து, சுருங்கிவரும் களத்தில் இரு நாட்கள் தாக்குப்பிடித்து, மூன்றாம் நாள் பெரும்பகையை எதிர்கொள்வர். விழுந்த தோழனை ஆயுதத்தால் அடித்தே எழுப்பவேண்டும் என்பது இதன் விசித்திரமான விதி.

ஒருசாரார், அறிமுகமற்ற மூவர் பேச்சின்றியே ஒன்றுபடுவதை வியந்தனர். இனம், மொழி, நாடு அறியாதோர் தோளோடு தோள் நிற்பதில் முற்போக்கான அம்சமுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. இன்னொருசாரார், 2022இல் வெளிவந்த மூல ஆட்டத்தின் நிதானமான தேடல் காலநெருக்கடியால் அழிந்தது என்றனர். மூன்றாவது சாரார், தனியே ஆடுவது கொடிதென்றும், இரு நண்பர் மட்டும் ஆட வழியில்லை என்றும் குறைகூறினர்.

இவை வெறும் இரசனை வேறுபாடுகளா? ஒரே பொழுதில் ஓய்வு, ஒரே வகைப் பொறி, தடையற்ற இணைய இணைப்பு ஆகியவற்றையுடைய மூவர் வாய்க்கப்பெற்றவனுக்கு ஆட்டம் இனிக்கின்றது. வேலைநேரம் பொருந்தாதவனுக்கு அது சுமையாகின்றது. வெவ்வேறு நிறுவனங்களின் பொறிகளை வாங்கிய நண்பர்கள் சேர்ந்தாட இயலாதவாறே இவ்வாட்டம் வெளிவந்தது. கூட்டுறவைக் கருப்பொருளாகக் கொண்ட படைப்பு, சந்தையின் எல்லைக்கோட்டில் அக்கூட்டுறவை நிறுத்திவிடுகின்றது. ஆக, அபிப்பிராய பேதங்களின் வேர் பெரிதும் ஆடுவோரின் வாழ்நிலையிலேயே உள்ளது எனலாம்.

இவ்விடத்து இரணைமடுவை நினைவுகூர்வது பயனுடையது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இக்குளத்தின் கீழ், ஒவ்வொரு போகமும் புதிதாகத் தொடங்கும் கூட்டு முயற்சியே. சென்ற போகத்தில் எஞ்சிய நீரே அடுத்ததன் முதல். சிறுபோகத்துக்கு முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். எத்தனை ஏக்கர் விதைப்பது, நீரை எப்போது திறப்பது என்பன அங்கு வாதிக்கப்படும். வாய்க்காலின் தலைப்பில் வயலுள்ளவருக்கும் கடைப்பகுதியில் உள்ளவருக்கும், காணி உரித்தாளருக்கும் குத்தகைக் கமக்காரருக்கும் நலன்கள் ஒன்றல்ல. அக்கூட்டத்தை இலட்சியமயப்படுத்த வேண்டியதில்லை. அதிகாரியின் குரலும் உடைமையாளரின் குரலும் அங்கு ஓங்கவே செய்யும். எனினும் அங்கு கருத்து வேறுபாடு உழைப்புக்கு முன்னரே இடம்பெறுகின்றது. கூட்டுறவின் ஓர் உறுப்பாகவே அது அமைகின்றது.

வயிற்றுப்பாட்டையும் பொழுதுபோக்கையும் ஒப்பிடலாமா எனச் சிலர் வினவக்கூடும். ஒப்பீடு பயன் பற்றியதன்று. கூட்டுறவின் வடிவம் பற்றியது. நைற்றெயினில் பேசுவதற்கான குரல்வசதி ஆட்டத்துக்குள் இல்லை. வரைபடத்தில் குறியிடலாம். வாதம் ஆட்டம் முடிந்த பின்னர், அதற்கு வெளியே நிகழ்கின்றது. அவ்வாதம் பயனற்றதுமன்று: தனியாடுவோருக்குச் சலுகைகள் விரைவில் வந்தன; இருவர் ஆடும் முறை 2025 யூலை 30இல் சேர்க்கப்பட்டது. ஆயினும் தீர்மானம் நிறுவனத்தினுடையதே. ஆடுவோர் முறையிடலாம், தீர்மானிக்க முடியாது.

ஆதலின், இவ்வாட்டம் நன்றா தீதா எனத் தீர்ப்பளிப்பதோடு விமர்சகனின் பணி முடிவதில்லை. யார், எந்நிலையில் நின்று அதனை நன்றென்றும் தீதென்றும் கூறுகின்றனர் என ஆராய்தல் வேண்டும். கூடி உழைப்போர் தம் உழைப்பின் விதிகளையும் கூடியே வகுக்கும் உரிமை பெற்றுள்ளனரா என்ற வினா, வயலுக்குப் போலவே விளையாட்டுக்கும் பொருந்துவதாகும்.