பணம் ஃபோனில் போகிறது, ஓட்டு ஏன் போகக் கூடாது?

குவைத்தில் வேலை பார்க்கும் சித்தி பையன் 2024 தேர்தல் சமயத்தில் குடும்ப வாட்ஸப் குழுவில் கேட்டான்: "அண்ணே, லட்ச ரூபாயை ஃபோன்லயே ஊருக்கு அனுப்புறேன். ஒரு ஓட்டு போட ஃப்ளைட் பிடிச்சு வரணுமா?"

நியாயமான கோபம். வெளிநாடு வாழ் இந்தியர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நேரில் வந்தால்தான் ஓட்டு. பத்து வருஷம் முன்னாடி கேட்டிருந்தால் நானும் அவன் பக்கம்தான். வங்கி மென்பொருளில் கொஞ்ச காலம் குப்பை கொட்டிய தைரியம் வேறு. இப்போது அந்த ஒப்பீடே தப்பு என்று நினைக்கிறேன்.

பணம் அனுப்பினால் யார், யாருக்கு, எவ்வளவு, எப்போது எல்லாமே பதிவாகிறது. கணக்கு உதைத்தால் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துப் புகார் கொடுக்கலாம். வங்கிக் கணினியில் பிழையே வராது என்று யாரும் சொல்வதில்லை. வந்தால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, அவ்வளவுதான். ஓட்டில் அந்த வழியை நாமே வேண்டுமென்று அடைத்து வைத்திருக்கிறோம். ஓட்டு போட்டது யார் என்று தெரியணும். யாருக்குப் போட்டார் என்பது மட்டும் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது.

சரி, 'நீங்கள் இன்னாருக்கு வாக்களித்தீர்கள்' என்று ஒரு எஸ்எம்எஸ் வந்தால் என்ன? பண விவகாரத்துக்காக 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தான மாநிலம் நம்முடையது. இன்று காசு கொடுப்பவருக்கு, வாங்கியவர் சொன்னபடி போட்டாரா என்று உறுதியாகத் தெரியாது. அந்த எஸ்எம்எஸ் வந்துவிட்டால், காட்டினால்தான் காசு.

"எஸ்தோனியாவுல நடக்குதே" என்பது அடுத்த கேள்வி. நடக்கிறது. சுமார் 13 லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் 2005 உள்ளாட்சித் தேர்தலில் தொடங்கி, 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பதிவான ஓட்டுகளில் பாதிக்கு மேல் இணையம் வழியாக வந்தன. மிரட்டலுக்கு அவர்கள் வைத்திருக்கும் மருந்தும் கெட்டிக்காரத்தனமானது. இணையத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், கடைசி ஓட்டுதான் கணக்கு. சாவடிக்குப் போய் காகிதத்தில் போட்டால் இணைய ஓட்டு செல்லாது.

ஆனால் 2017-இல் அவர்களுடைய அடையாள அட்டையின் சிப்பிலேயே குறை இருப்பதை செக் நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பாதிக்கப்பட்டவை சுமார் 7.5 லட்சம் அட்டைகள். அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது. நவம்பரில் அந்த அட்டைகளின் சான்றிதழ்களை நிறுத்திவைத்தார்கள். அதை வைத்து மோசடி நடந்ததாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. கள்ள ஓட்டு போட ஒவ்வொரு சாவடிக்கும் ஆள் அனுப்பணும். மென்பொருள் குறை என்றால் நாடு முழுக்க ஒரே நேரத்தில், ஓசையில்லாமல்.

ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009 மார்ச்சில் இதைத்தான் வேறு பக்கத்திலிருந்து பிடித்தது. 2005 தேர்தலில் பயன்படுத்திய வாக்கு இயந்திரங்கள் சாசனத்துக்கு ஒவ்வாதவை என்று தீர்ப்பு. மோசடி நிரூபிக்கப்பட்டதால் அல்ல. தேர்தலின் முக்கியமான கட்டங்களை, தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் சரிபார்க்க முடியணும் என்பதால். இதைப் படித்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. 'கோட் ஓப்பன்சோர்ஸ் ஆனா போதும்' என்று வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தவன் நான். அந்தக் கோடை என் அம்மா எப்படிப் படிப்பாங்க?

இந்த அளவுகோலில் நம்ம ஊர் இயந்திரம் பாதி தேறும். போட்ட சின்னம் காகிதச் சீட்டில் 7 விநாடி தெரிகிறது, சீட்டு பெட்டிக்குள் விழுகிறது. அம்மாவுக்கும் புரியும். ஆனால் அந்தச் சீட்டுகளை எண்ணிச் சரிபார்ப்பது சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகளில் மட்டும்; 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கு. எல்லாச் சீட்டையும் எண்ணக் கேட்ட வழக்கு 2024 ஏப்ரலில் தள்ளுபடியானது.

எல்லாவற்றையும் எண்ணணும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் லட்சம் ஓட்டில் ஜெயித்தாலும் அஞ்சு, நூறு ஓட்டில் ஜெயித்தாலும் அஞ்சு என்பது என்ன கணக்கு? 2016-இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு. வித்தியாசம் குறையக் குறைய சரிபார்க்கும் சீட்டுகளைக் கூட்டணும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017 முதல் இந்தத் தர்க்கத்தில்தான் தணிக்கை செய்கிறது. புது இயந்திரம் எதுவும் வேண்டாம், கொஞ்சம் புள்ளியியல் போதும்.

தம்பிக்கு இவ்வளவையும் எழுதாமல் ஒன்றே ஒன்று கேட்டேன்: "உன் கட்சி 49 ஓட்டுல தோத்து, 'சர்வர் சரியாத்தான் எண்ணுச்சு'ன்னு நான் சொன்னா நம்புவியா?"

"நீ சொன்னா நம்புவேண்ணே. உன் கம்பெனி சொன்னா நம்ப மாட்டேன்."

ஆனாலும் அவன் ஓட்டு போடாமல்தான் இருந்தான், அது நஷ்டம்தான். ராணுவத்தினருக்கு வாக்குச்சீட்டு இணையத்தில் போகிறது. அவர்கள் அச்செடுத்து, குறியிட்டு, தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். அவனுக்கும் அதைக் கொடுக்கலாம். குறியிடும்போது முதலாளி பக்கத்தில் நிற்கலாம் என்ற சிக்கல் அதிலும் உண்டுதான். ஆனால் எண்ணும் மேஜையில் எல்லாக் கட்சி ஏஜென்ட்டும் பார்க்கிற மாதிரி ஒரு காகிதமாவது இருக்கும்.