ரவுட்டர் மாற்றினால் வேகம் வருமா?

திருவாமாத்தூர் பக்கம் "நெட் ஸ்லோ, எந்த ரவுட்டர் வாங்கலாம்?"னுதான் கேட்கிறாங்க. ரவுட்டர் வந்த வேகத்தைப் பங்கு போடும், உண்டாக்காது. லேன் கேபிளில் மடிக்கணினியைச் சொருகிச் சோதிங்க. அங்கேயும் மெதுவுன்னா கோளாறு பெரும்பாலும் வெளியே.

அரசின் அளவுகோலே சிறுசு. 2004-ல் 256 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட், 2013-ல் 512, 2023-ல்தான் 2 எம்பிபிஎஸ். அதுவும் பதிவிறக்கத்துக்கு மட்டும். பதிவேற்றம் பற்றிப் பேச்சே இல்லை. ஆன்லைன் வகுப்பில் நம் பிள்ளையின் முகம் ஆசிரியருக்கு உறைந்து தெரிவது அங்கேதான்.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் தரும் பாரத்நெட்டின் முதல் இலக்கும் ஊராட்சி அலுவலகம்தான். வீட்டு வாசல் அடுத்த பாடு. அந்தக் கடைசித் தெருவைக் கேட்காம பெட்டியை மாற்றினா, காசுதான் போகும்.