நான் குளித்த தண்ணீரின் பின்னாலேயே போனேன்

தைப்பூசத்தன்று விடிகாலை, பத்துமலை அடிவாரத்தில் சுங்கை பத்து ஆற்றங்கரையில் பால்குடத்துக்காகத் தலைமுழுகினேன். ஷவர் தண்ணீர்தான், ஆனாலும் வழிந்து ஆற்றில்தானே விழுந்தது? அது இப்போது எங்கே போயிருக்கும்? மண்டைக்குள் புகுந்த கேள்வி போகவேயில்லை. அடுத்த சனிக்கிழமை, நாற்பத்தேழு வயசு ஆள், சுற்றுலா போகிற பள்ளிக்கூடப் பையன் மாதிரி கொமுட்டர் ரயில் ஏறிவிட்டேன்!

சுங்கை பத்து கோம்பாக்கில் கலக்கிறது. கோம்பாக் எதில் கலக்கிறது? வாங்க, மஸ்ஜித் ஜாமெக் எதிர்க்கரையில் என் பக்கத்தில் வந்து நில்லுங்க! 1909-இல் எழும்பிய பள்ளிவாசல், அதன் மூக்குக்கு நேரே, ஒரு பக்கம் கோம்பாக், மறுபக்கம் கிள்ளான் ஆறு. மலையில் குவார்ட்ஸ் பாறை முகட்டையே பிளந்துகொண்டு வருகிற ஆறுங்க அது, அந்தப் பிளவில்தான் 1958-இல் அணை கட்டினார்கள். 1857-இல் ஈயம் தேடி வந்தவர்கள் படகை விட்டு இறங்கியதும் இந்த முனையில்தான். தண்ணீர் தே தாரேக் நிறம் என்று அலுத்துக்கொள்கிறீர்களா? கோலாலம்பூர் என்றாலே சேற்றுக் கூடல்தானே ஐயா! வாசனையை மட்டும் கேட்காதீங்க. கரையில் ஒரு நீர் உடும்பு, சுல்தான் தோரணையில் வெயில் காய்ந்தது. நான் கையாட்டினேன், வெட்கமில்லாமல்.

பிரிக்பீல்ட்ஸில் அவசரமாக ஒரு வாழையிலைச் சாப்பாடு, மறுபடி ரயில், அப்துல்லா ஹுக்கும் பக்கம் ஜன்னலோரம் அதே ஆறு, கழுத்து சுளுக்கப் பார்த்தேன்.

கிள்ளானில் இறங்கி கோத்தா பாலத்துக்கு ஓடினேன், ஆமாம், ஓடினேன். இரண்டடுக்குப் பாலம், மேலே வண்டிகள் போன காலத்திலேயே கீழ்த்தட்டு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும்தான். கற்பனை பண்ணுங்க, தலைக்கு மேல் இரும்பு, முகத்தில் உப்புக் காற்று, காலுக்குக் கீழே மலையிலிருந்து கடல்வரை 120 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு, இவ்வளவு அகலமாகிவிட்டாளே என்று வாய்பிளந்து நிற்கிறேன், அப்போது மிதந்து வந்த ஒரு தென்னமட்டை கடல் பக்கம் போகாமல் கோலாலம்பூர் பக்கம் போகிறது, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன், மட்டை மட்டுமில்லை, நுரை, இலை, மொத்த ஆறே திரும்பிப் போகிறது, எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது, சைக்கிள் தள்ளி வந்தவரைப் பிடித்து நிறுத்தி, "அண்ணே, ஆறு பின்னால போகுது!" என்று கத்தியேவிட்டேன்.

"தெனம் ரெண்டு வாட்டி போகும் தம்பி, கடல் ஏத்தம்" என்று மணி அடித்துக்கொண்டு போய்விட்டார்.

என் பால்குடத் தண்ணீர் கடலைத் தொட்டுவிட்டு என்னைப் பார்க்கத்தான் திரும்பி வருகிறது என்று அன்று நம்பினேன். சிரிக்காதீங்க. அட்டவணை பார்த்து, ஏற்ற நேரத்துக்குப் போங்க. பசித்தால் தெங்கு கெலானா சாலை பக்கத்திலேயே இருக்கிறது.